வயல் சேற்றில் கரண்ட்: மோட்டார் ஓடுமா?

அம்பாசமுத்திரம் பக்கம், கன்னடியன் கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: "சேத்துல இருக்கிற பாக்டீரியாவுல இருந்து கரண்ட் எடுக்கலாம்னு வீடியோவுல பார்த்தேன். உண்மையா? என் வயல்ல எடுத்து அஞ்சு எச்.பி. மோட்டார் ஓட்டலாமா? எட்டாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இதைச் செய்யணும்னு நிக்கா. எப்படிச் செய்யணும்? பயிருக்குக் கெடுதல் உண்டா?"

அண்ணாச்சி, கரண்ட் வருவது உண்மை. மோட்டார் ஓடாது. பிள்ளை கண்காட்சிக்கு வைக்க இதைவிட நல்ல விஷயம் கிடைப்பது கஷ்டம். பாளையங்கோட்டையில் பல வருஷமாக நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தச் சேற்றுப் பானைகளோடு நிறைய நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மோட்டார் கணக்கை முடித்துவிடுவோம். நெல்வயல் சேற்றில் மின்முனை (கரண்டை வாங்கித் தரும் கார்பன் துண்டு) புதைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைத்தது சில மில்லிவாட், அதாவது ஒரு வாட்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. மிக நன்றாக அமைந்தால் சில பத்து மில்லிவாட். நாம் 10 மில்லிவாட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஏக்கருக்கு 40 வாட், இரண்டு ஏக்கருக்கு 80 வாட். வயல் முழுக்கக் கார்பன் விரிப்பைப் பாய் மாதிரி விரித்துப் புதைத்தால், பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுற்றும். உங்கள் 5 எச்.பி. மோட்டாருக்கு 3,700 வாட்டுக்கு மேல் வேண்டும், அதாவது 90 ஏக்கருக்கு மேல். அந்த விரிப்பு வாங்குகிற காசுக்கு வயலையே வாங்கிவிடலாம். வரப்பு ஓரத்தில் இரண்டு சதுர மீட்டர் இடத்தில் நிற்கும் ஒரே ஒரு சோலார் தகடு உச்சி வெயிலில் 400 வாட் தருகிறது. ஆகவே "வயலில் இருந்து வீட்டுக்குக் கரண்ட்" என்று யாராவது கருவி விற்க வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பாபநாசம் பவர்ஹவுஸையும், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளையும், ஒரு உலைக்கு 1,000 மெகாவாட் என்று நிற்கும் கூடங்குளத்தையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். அந்தப் படியால் இதை அளந்தால் கைக்கு ஒன்றும் நிற்காது. வேறு படி வேண்டும். அதற்கு முன், இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் வயலிலேயே பார்த்துவிடலாம்.

பிசானப் பருவ நடவு முடிந்து ஒரு மாதம் ஆன வயலில் ஒரு நாற்றை மெதுவாகப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். சுற்றிலும் இருந்த சேறு சாம்பலும் கருநீலமுமாக இருக்கும். வேரின் மேலே மட்டும் துருப்பிடித்த மாதிரி ஒரு செம்பழுப்புப் பூச்சு ஒட்டியிருக்கும். அது துருவேதான். மண்ணில் இயல்பாகவே துரு வடிவில் இரும்பு இருக்கிறது. செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். தண்ணீர் கட்டித் தொழி அடித்தவுடன் (உழுது சேறாக்கியவுடன்) சேற்றுக்குள் காற்று போவது நின்றுவிடுகிறது. மேலே சில மில்லிமீட்டர் தாண்டினால் ஆக்சிஜன் கிடையாது. அப்போது கீழே இருக்கும் பாக்டீரியா இரும்புத் துருவை மாற்றிக் கரைய வைத்துவிடுகிறது, சேறு கறுக்கிறது. நெல் தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்குவதால், வேரைத் தொடும் இடத்தில் மட்டும் அந்த இரும்பு திரும்பவும் துருவாகப் படிகிறது.

பாக்டீரியா ஏன் துருவைத் தேடிப் போகிறது? மூச்சுக்குத்தான். நாம் சாப்பிட்ட சோறு உடம்புக்குள் உடையும்போது எலக்ட்ரான்கள் வெளிவருகின்றன. அவற்றை எங்காவது கொண்டுபோய் இறக்கினால்தான் சக்தி கிடைக்கும். நாம் ஆக்சிஜனில் இறக்குகிறோம்; அதற்காகத்தான் மூச்சு விடுகிறோம். காற்றில்லாத சேற்றில் இருப்பவை நைட்ரேட்டில் இறக்கும், மாங்கனீசில் இறக்கும், சல்பேட்டில் இறக்கும், இரும்பில் இறக்கும். இதில் மாங்கனீசும் துருவும்தான் சிக்கல். அவை தண்ணீரில் கரையாத கட்டிகள், செல்லுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. அதனால் சில பாக்டீரியாக்கள் எலக்ட்ரானைத் தங்கள் தோலைத் தாண்டி வெளியே அனுப்பக் கற்றிருக்கின்றன. எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராத இடம் இதுதான். வெளியே கிடக்கும் துருக்கட்டிக்கு எலக்ட்ரானைக் கொடுக்கத் தெரிந்த உயிருக்கு, அந்த இடத்தில் நாம் ஒரு கார்பன் துண்டை வைத்தால் வித்தியாசம் தெரிவதில்லை. அதிலும் கொடுக்கிறது. கார்பனில் இருந்து ஒரு கம்பியை இழுத்து, காற்றுப் படுகிற இன்னொரு கார்பனில் இணைத்தால் எலக்ட்ரான் கம்பி வழியே ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் ஹைட்ரஜன் அயனியோடும் சேர்ந்து தண்ணீர் ஆகிறது. நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்பது இவ்வளவுதான்.

இதில் பெயர் பெற்றவை இரண்டு. ஜியோபாக்டர் என்பதை டெரெக் லவ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1987-இல் வாஷிங்டனை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டெடுத்தார். ஷெவனெல்லா நியூயார்க் மாநிலத்து ஒனைடா ஏரிச் சேற்றில் இருந்து வந்தது. ஜியோபாக்டர் மயிரிழையை விடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய புரத இழைகளை வெளியே நீட்டி, அவை வழியாக எலக்ட்ரானைக் கடத்துகிறது. 2019-இல் அந்த இழைகளில் ஒரு வகையின் அமைப்பைத் துல்லியமாகப் படம் பிடித்தபோது, உள்ளே வரிசையாக அடுக்கியிருந்தது ஹீம். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிறதே, அதே இரும்புத் தொகுதி.

இது புது விஷயமும் இல்லை. 1911-இல் இங்கிலாந்தில் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் சர்க்கரைக் கரைசலில் விட்டு, பிளாட்டினத் தகட்டில் ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்கு அளந்தார். 1931-இல் அமெரிக்காவில் கோஹன் என்பவர் இப்படிப்பட்ட கலங்களை வரிசையாகக் கோத்து 35 வோல்ட்டைத் தாண்டினார்; ஆனால் ஓடிய மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர்தான். பிறகு நெடுங்காலம், எலக்ட்ரானைச் சுமந்து வர ஏதாவது சாயத்தைக் கலந்தால்தான் கரண்ட் வரும் என்று நம்பியிருந்தார்கள். சாயம் இல்லாமலே வரும் என்று 1999 வாக்கில் கொரியாவில் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க இந்த வேலை சூடு பிடித்தது.

இப்போது வீடியோ விஷயம். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், பிள்ளைக்கு உதவும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவர்களோடு சேர்ந்து குளத்துச் சேற்றை ஒரு டப்பாவில் நிரப்பி, ஒரு பக்கம் நாகம் பூசிய ஆணி, மறுபக்கம் தாமிரக் கம்பி சொருகினோம். மல்டிமீட்டரில் உடனே 0.9 வோல்ட். எல்லோருக்கும் சந்தோஷம், சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டியும் விட்டோம். அன்றைக்கு அங்கே வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தச் சேத்தை வேகவச்சுப் பாத்தியளா?" வேகவைத்து, ஆறவைத்துச் சொருகினோம். அதே 0.9 வோல்ட். செத்த பாக்டீரியா கரண்ட் தராது. தந்தது நாகம், அது அரித்துக் கரையும்போது வருகிற மின்சாரம். எலுமிச்சம்பழத்தில் ஆணி சொருகி விளக்கு எரிப்பதும் இதேதான். சார்ட்டைக் கிழித்துப் போட்ட அந்த நாள்தான் எனக்கு இந்தப் பாடம் சரியாகப் புரிந்த நாள்.

நீங்கள் பார்த்த வீடியோவில் நாகம், அலுமினியம், தாமிரம், இரும்பு ஏதாவது சேற்றுக்குள் போனதா என்று பாருங்கள். போயிருந்தால் அதைப் பாக்டீரியா மின்சாரம் என்று நம்பாதீர்கள். சொருகிய உடனேயே முழு வோல்ட் வந்தாலும் சந்தேகப்படுங்கள். உண்மையான கலம் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் காட்டாது.

பிள்ளை செய்ய வேண்டியது இதுதான். காருகுறிச்சிக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு சின்னக் கலயம் வாங்குங்கள், ஒரு லிட்டர் பிடித்தால் போதும். மெருகோ பூச்சோ இல்லாத புதுக் கலயமாக இருக்க வேண்டும். பதனீர் இறக்கிய பழைய கலயம் ஆகாது, உள்ளே சுண்ணாம்பு ஏறியிருக்கும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து விடிகாலையில் வெளியே தடவிப் பாருங்கள். கலயம் வேர்த்திருக்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. கோடையில் பானைத் தண்ணீரைக் குளிர வைக்கும் அதே நுண்துளைகள்தான் இங்கே நமக்கு வேண்டும். உள்ளே இருக்கும் அயனிகள் அந்தச் சுவர் வழியே வெளியே வர வேண்டும், வெளிக்காற்று உள்ளே அதிகம் போய்விடக் கூடாது. ஆய்வுக்கூடங்களில் இந்த வேலைக்கு விலை கூடிய ஒரு பிளாஸ்டிக் சவ்வைப் போடுவார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் அந்தச் சவ்வுக்குப் பதில் மண்பானையை வைத்துச் செய்து பார்த்தார்கள், நன்றாகவே வேலை செய்தது. அதுவும் அவர்கள் ஊற்றியது ரைஸ் மில் கழிவுத் தண்ணீர். அந்த 2010 ஆண்டு ஆய்வைப் படித்தபோது, இது நம் ஊருக்கென்றே எழுதியது போல இருந்தது எனக்கு.

மின்முனைக்குக் கார்பன் ஃபெல்ட் என்று கம்பளி மாதிரி ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. உள்ளங்கை அளவில் நாலு துண்டு போதும். டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை உடைத்துக் கார்பன் குச்சி எடுப்பது பழைய வழி. ஆனால் அந்தக் குச்சியில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடி மாங்கனீசு, அதுவே பொய் வோல்ட் காட்டும். குச்சிதான் கிடைக்கும் என்றால் நீங்களே உடைத்து எடுத்து, உரசிக் கழுவி, பலமுறை கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஆல்கலைன், லித்தியம் கட்டைகளை எந்தக் காரணம் கொண்டும் உடைக்கக் கூடாது. ஃபெல்ட்டில் கோக்க எவர்சில்வர் கம்பி போதும். தாமிரக் கம்பி சேற்றுக்கு வெளியே, காய்ந்த இடத்தில் மட்டும் வரலாம். தாமிரம் அரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும்.

வயலில் ஒரு சாண் தோண்டிக் கறுப்புச் சேறாக எடுங்கள். ஒரு பங்கை அப்படியே முதல் கலயத்தில் போடுங்கள். இன்னொரு பங்கை ஒரு மணி நேரம் வேகவைத்து, ஆறவைத்து இரண்டாவது கலயத்தில் போடுங்கள். இரண்டிலும் அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அரை டம்ளர் விடுங்கள். ஃபெல்ட் சேற்றின் நடுவில் முழுக்க மூழ்க வேண்டும். கலயத்தின் வாயை மூடி களிமண்ணால் பூசி, வாயு போக ஊசித் துளை ஒன்று விடுங்கள். இரண்டாவது ஃபெல்ட்டைக் கலயத்தின் வெளியே ஈரத்தோடு சுற்றிக் கட்டி, கலயத்தை லேசான உப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். வெளி ஃபெல்ட் நனைந்தும் இருக்க வேண்டும், காற்றும் பட வேண்டும். தண்ணீருக்குள் முழுக்க அமுக்கிவிட்டால், நம் ஊர்ச் சூட்டில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தண்ணீரில் இருக்கும், கரண்ட் அதிலேயே முடங்கிவிடும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு கம்பிக்கும் இடையில் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, கழற்றாமல் விட்டுவிடுங்கள். எலக்ட்ரான் வெளியேற வழி திறந்திருந்தால்தான் அந்த வகைப் பாக்டீரியா ஃபெல்ட்டில் வந்து குடியேறிப் பெருகும். காலை, மாலை ரெசிஸ்டரின் இரு முனையிலும் வோல்ட் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் சில நாள் பெரிதாக ஒன்றும் இருக்காது, பிள்ளை சோர்ந்து போகும். ஒரு வாரம் போல ஆனதும் எண் ஏற ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் 0.2, 0.3 வோல்ட்டுக்கு வரும். 0.3 வோல்ட் என்றால் 0.3 மில்லிஆம்பியர், சக்தி 0.09 மில்லிவாட். வேகவைத்த சேற்றுக் கலயம் அப்போதும் கீழேயே கிடக்கும். சில வாரம் கழித்துக் காற்றிலும் தண்ணீரிலும் இருந்து புதுப் பாக்டீரியா புகுந்து அதுவும் மெல்ல ஏறலாம். அது தோல்வி ஆகாது, அதையும் எழுதட்டும். குளிர் நாடுகளில் இந்தக் கலத்தை 30 டிகிரியில் வைக்க ஹீட்டர் வேண்டும். நமக்கு வெயில் சும்மாவே அதைத் தருகிறது.

எண் ஒரு நிலைக்கு வந்ததும் ஒரு சோதனை. ஒரு டீஸ்பூன் வினிகரில் நுரை அடங்கும் வரை ஆப்பசோடா போட்டு, அதை உயிருள்ள கலயத்தில் விடுங்கள். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வோல்ட் ஏறும். வினிகரில் இருக்கும் அசிட்டேட்தான் ஜியோபாக்டருக்குப் பிடித்த சாப்பாடு. ஒரு அசிட்டேட்டுக்கு எட்டு எலக்ட்ரான். கணக்குப் போட்டால் 0.3 மில்லிஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓட 2 மில்லிகிராம் அசிட்டிக் அமிலம் போதும், அந்த ஒரு டீஸ்பூன் நூறு நாள் தாங்க வேண்டும். கலயத்தில் அவ்வளவு நாள் தாங்காது. பந்தியில் வேறு ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். வயலில் கால் வைத்தால் குமிழி குமிழியாக மீத்தேன் வருகிறதே, அதை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பங்கைத் தின்றுவிடும். சாப்பாடு போட்டதும் ஏறி, தீர்ந்ததும் இறங்கும் அந்தக் கோட்டை வரைந்து கண்காட்சியில் வைத்தால், இது உயிர் தருகிற கரண்ட் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்.இ.டி. எரிய வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்கும். சிவப்பு எல்.இ.டி.க்கே 1.8 வோல்ட் வேண்டும், ஒரு கலயம் தருவது அதில் ஆறில் ஒரு பங்கு. ஏழெட்டுக் கலயத்தைத் தொடராக இணைக்கலாம். ஆனால் அதில் ஒன்று பசியில் கிடந்தால் மற்றவை அதைத் திருப்பி ஓட்டிவிடும், அந்தக் கலயத்தின் வோல்ட் எதிர்ப்பக்கம் போய்விடும். மிகக் குறைந்த வோல்ட்டிலேயே எழும்பி வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்டர் சர்க்யூட் ஒன்றும் கெப்பாசிட்டரும் வைத்து, சேர்த்து வைத்த கரண்டில் அவ்வப்போது மின்ன விடுவதுதான் நல்லது. ஒரே வயலில் பத்து இடத்தில் புதைத்துத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வயல் முழுக்க ஒரே சேறு, ஒரே தண்ணீர். அயனிகள் குறுக்கே ஓடிவிடும், வோல்ட் கூடாது. கலயங்கள் தனித்தனியாக இருப்பதால்தான் தொடர் இணைப்பு சாத்தியம்.

சரி, இவ்வளவு சின்னக் கரண்டை வைத்து என்னதான் செய்வது? இங்கேதான் அளவுபடியை மாற்ற வேண்டும். புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறவைத்த தண்ணீரை நினைத்துப் பாருங்கள். மில்லுக்குப் பின்னால் மஞ்சளாக, புளித்த வாடையோடு ஓடும். அதில் இருக்கும் கரிமக் கழிவைச் சிதைக்க லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் தேவைப்படுவது சாதாரணம். அது அப்படியே ஓடையில் இறங்கினால் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனை எல்லாம் அதுவே குடித்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பில் மோட்டார் வைத்து இரவு பகலாகக் காற்று ஊதுவார்கள், கரண்ட் பில்லில் பெரும்பகுதி அதற்கே போகும். பானைக் கலத்தில் வெளிப்பக்கத்துக்குக் காற்று தானாகவே கிடைக்கிறது. ஊத வேண்டியதில்லை, மிஞ்சும் கசடும் குறைவு. அது தருகிற கரண்டைவிட, செலவாகாமல் மிச்சமாகும் கரண்ட் பெரிது. ஆனாலும் மில் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், இவ்வளவு அடர்த்தியான கழிவுக்கு முதலில் கோபர் கேஸ் மாதிரி வாயுக் கலன் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். அது பல காலம் அடிபட்டுத் தேறிய வழி. அதில் இருந்து நீர்த்து வெளிவரும் தண்ணீருக்கு வேண்டுமானால் இந்தப் பானைகளை வைத்துப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பயன் வேறொன்று. பாக்டீரியா எவ்வளவு தின்கிறதோ அதற்கேற்பக் கரண்ட் ஏறி இறங்குகிறது என்றால், அந்த எண்ணே தண்ணீரின் அழுக்கைச் சொல்லும் கருவி ஆகிறது. தண்ணீரில் எவ்வளவு கழிவு என்று பார்க்க வழக்கமான சோதனைக்கு நம் நாட்டு முறையில் மூன்று நாள் ஆகும். மூன்று நாள் கழித்து முடிவு வரும்போது, கழிவு தாமிரபரணியில் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும். ஓடை வாயில் புதைத்த ஒரு கலம் சில மணி நேரத்தில் சொல்லிவிடும், தனக்கு வேண்டிய கரண்டையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். நடக்காத கதை இல்லை: 2008-இல் அதே பொட்டோமாக் ஆற்றின் சேற்றில் மின்முனை புதைத்து, வானிலை அளக்கும் மிதவை ஒன்றை அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானிகள் ஓட்டிக் காட்டினார்கள். பிரிஸ்டல் நகரில் ஐயனிஸ் இயரோபவுலஸ் என்பவரின் குழு சிறுநீரை ஊற்றி 2013-இல் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றியது. கழிப்பறைக்கு விளக்கும் போட்டது. அவர்களும் சுட்ட மண் குழாய்களைப் பயன்படுத்தினார்கள்.

கடைசியாகப் பயிர் விஷயம். பாக்டீரியா வேண்டாம் என்று தள்ளுகிற எலக்ட்ரானைத்தான் எடுக்கிறோம், நெல்லுக்கு இதனால் பயப்பட ஒன்றும் இல்லை. இரும்புக்கும் மீத்தேனுக்கும் போக இருந்ததில் ஒரு துளி கம்பிக்கு வருகிறது, அவ்வளவே. ஆபத்து எதிர்ப்பக்கம் இருந்துதான்: வயலில் புதைத்த கம்பி களையெடுக்கிறவர்கள் காலில் குத்தும், அடுத்த கார் பருவச் சாகுபடிக்குத் தொழி அடிக்கும்போது டிராக்டர் சக்கரத்தில் சுற்றும். அதனால் வயலுக்குள் எதையும் புதைக்க வேண்டாம். சேறு மட்டும் வீட்டுக்கு வரட்டும், தொட்ட கையைப் பிள்ளை சோப்புப் போட்டுக் கழுவட்டும். கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னாலேயே இரண்டு கலயத்தையும் நிரப்பி, திண்ணையில் நிழல் விழும் பக்கமாக வைத்துவிடுங்கள்.